நாலே மணி நேரம்

ஷார்ஜாவுக்கும் திருச்சிக்கும் எவ்வளவு தூரம் என்பது தங்கராசுவின் போனுக்குத் தெரிந்துபோனதுதான் மணிமொழியைப் பிடித்த சனி.

தங்கராசு அவளுடைய மாமனார். மின்வாரியத்தில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர். கம்பம் ஏறிய காலத்தில் கீழே நாலு பேர் நின்று அவர் சொன்னதைச் செய்தார்கள். இப்போது அந்த நாலு பேர் வேலையையும் ஒரு போன் செய்கிறது. மழை வருமா, தங்கம் என்ன விலை, கீரைக்குப் பூச்சி விழுந்தால் என்ன அடிக்க வேண்டும், எல்லாவற்றையும் அதனிடம்தான் கேட்பார். அதுவும் வயலுக்கு அந்தப் பக்கம் நிற்கிறவனைக் கூப்பிடுகிற குரலில். மணிமொழியின் தம்பி விக்கி ஏசி மெக்கானிக்காக ஷார்ஜாவுக்கு விமானம் ஏறிய வாரத்தில், இதையும் கேட்டுவைத்தார். போன் சளைக்காமல் பதில் சொன்னது: ஏறக்குறைய மூவாயிரம் கிலோமீட்டர், விமானத்தில் நாலு மணி நேரம்.

மூவாயிரம் கிலோமீட்டர் அவர் காதில் ஏறவே இல்லை. நாலு மணி நேரம் மட்டும் ஏறிச் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டது.

"நாலே மணி நேரமா? இங்கேருந்து மெட்ராஸ் போகவே அஞ்சு மணி நேரத்துக்கு மேல ஆவுது. ஏம்மா மணி, மெட்ராஸைவிடக் கிட்டக்கதான் இருக்கான் ஒந்தம்பி!"

அன்றைக்கு அவளும் சிரித்தாள். சிரித்திருக்கக் கூடாது.

அடுத்த வருஷம் அவளுக்கு வளைகாப்பு நடந்தது. அம்மா அப்பா இருவரும் போய்ச் சேர்ந்துவிட்டவர்கள். பிறந்த வீடு என்று சொல்லிக்கொள்ள மிச்சம் இருந்தது விக்கி ஒருத்தன். அவன் வரவில்லை. பெரியப்பா அரியமுத்துவும் பெரியம்மா ஆண்டாயியும் மட்டும் பெரம்பலூருக்கு அந்தப் பக்கத்தில் இருந்து பஸ் ஏறி வந்து வளையல் போட்டுவிட்டுப் போனார்கள். பந்தியில் மாமனார் சத்தமாகவே சொன்னார். "நாலு மணி நேரத்துல இருக்கிறவன் வரலியே." குழந்தை பிறந்தது. நாலு மணி நேரத்தில் இருக்கிறவன் வரவில்லை. தன்ஷிகா என்று பேர் வைத்தார்கள். நாலு மணி நேரத்தில் இருக்கிறவன் போனில்தான் வந்தான். போன வருஷம் சமயபுரத்தில் குழந்தைக்கு மொட்டை போட்டபோது தாய்மாமன் மடி காலியாக இருந்ததால், நாத்தனாரின் புருஷன் அமாவாசையும் மாமன் முறைதானே என்று அவர் மடியில் உட்கார வைத்தார்கள். அந்தப் போட்டோ இப்போது கூடத்தில் பெரிதாகச் சட்டம் போட்டுத் தொங்குகிறது. அமாவாசையின் மடியில் குழந்தை அழுகிறது. அமாவாசை மட்டும் எல்லாப் பல்லும் தெரியச் சிரிக்கிறார்.

மணிமொழி விளக்கிப் பார்க்காமல் இல்லை. "மாமா, நாலு மணி நேரங்கிறது ஆகாசத்துல பறக்கிற நேரம். அதுக்கு முன்னாடி கம்பெனிக்காரன் லீவு குடுக்கணும். முதல் ரெண்டு வருஷத்துக்கு லீவே கெடையாது. அதுக்கப்புறம் அங்க வெயில் காலம். அந்த வெயில்ல ஏசிக்காரன யாரு வுடுவாங்க?" என்றாள்.

தங்கராசு எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். கேட்டுவிட்டு, "அதெல்லாம் சரிம்மா. ஆனா தூரம் நாலு மணி நேரந்தானே?" என்றார்.

இந்த மனுஷனிடம் பேசுவதற்குப் பதில் அம்மிக்கல்லிடம் பேசலாம் என்று அவளுக்குத் தோன்றியது. அம்மிக்கல் குறைந்தபட்சம் திருப்பிக் கேட்காது.

குழந்தைக்குக் காது குத்த நாள் பார்த்தபோது அவள் ஒரே பிடியாக நின்றாள். என் தம்பிக்கு என்றைக்கு லீவோ அன்றைக்குத்தான் காதுகுத்து. புருஷன் ரஞ்சித்குமார் நல்லவன்; அதாவது யார் என்ன சொன்னாலும் சரி என்பவன். அவளுக்கும் சரி என்றான், அப்பாவுக்கும் சரி என்றான். மாமியார் அம்மாக்கண்ணு மட்டும் வெளிப்படையாகச் சொன்னாள். "இந்தத் தடவையும் ஒந்தம்பி வரலன்னா அமாவாசை மடியிலதான். அப்புறம் ஒனக்குப் பொறந்த வூடுன்னு ஒண்ணு இருக்குன்னு யாருகிட்டயும் பேசிக்கிட்டு நிக்காதே." அந்த வார்த்தை மணிமொழியை முள்ளாகக் குத்தியது. நேரே போய்த் தம்பிக்குப் போன் போட்டாள். விக்கி மேஸ்திரி காலில் விழாத குறையாகக் கெஞ்சி நாலு நாள் லீவு வாங்கினான். போகவர ஒன்றொன்று போனால் ஊரில் நிற்பது இரண்டு நாள். வெள்ளிக்கிழமை காலை முகூர்த்தம், பத்தரைக்குள் முடித்துவிட வேண்டும். அதற்கு மேல் ராகுகாலம்.

டிக்கெட் வந்ததும் அடுத்த பஞ்சாயத்து தொடங்கியது. வியாழக்கிழமை ராத்திரி பதினொன்றரைக்கு ஏறி, விடிகாலை ஐந்து மணிக்குத் திருச்சியில் இறங்குவதாக அதில் போட்டிருந்தது. தங்கராசு விரல் விட்டு எண்ணினார்.

"நாலு மணி நேரம்னா மூணரைக்கு எறங்கணும். அஞ்சுன்னு போட்டிருக்கான். நடுவுல ஒன்றரை மணி நேரம் எங்க போறான்?"

"எங்கயும் போகல மாமா. அவங்க கடிகாரம் நம்மளதவிட ஒன்றரை மணி நேரம் பின்னாடி."

"பின்னாடின்னா சீக்கிரமில்ல வரணும்?"

மணிமொழி தட்டில் அரிசியைக் கொட்டி, இது ஷார்ஜா, இது திருச்சி என்று இரண்டு குவியல் வைத்து, சூரியன் எங்கே முதலில் உதிக்கிறது என்பதில் இருந்து ஆரம்பித்தாள். அவர் குவியல்களை உற்றுப் பார்த்தார். "சரி வுடு. வழியில எங்கயோ நிறுத்திச் சாப்பிடுவானுங்க போல" என்று எழுந்து போனார். அன்று அந்த அரிசியைக் கல் இருக்கிறதோ இல்லையோ என்று பார்க்காமலே உலையில் போட்டாள்.

ஆனாலும் கணக்கு நன்றாகத்தான் இருந்தது. ஐந்துக்கு இறங்கி ஆறுக்கு வெளியே வந்தாலும், திருச்சியில் இருந்து அவர்கள் ஊரான கீழப்பழுவூர் ஒரு மணி நேரத்துக்குச் சற்றுக் கூட. ஏழரைக்குள் வீட்டில் இருப்பான். குளித்து, சாப்பிட்டு, குழந்தையிடம் கொஞ்சம் பழகி, அதற்குப் பிறகு நிதானமாகக் கோயிலுக்குப் போகலாம். சீர்த் தட்டுகளோடு ஆண்டாயி பெரியம்மா ஊரில் இருந்து நேராகக் கோயிலுக்கு வந்துவிடுவாள். விக்கியை அழைத்து வரக் கார் பேசியிருந்தது. லப்பைக்குடிக்காட்டு ஜமால் பாய், ஊர்ப் பிள்ளைகளை ஏர்போர்ட்டுக்கு ஏற்றி இறக்குவதே தொழிலாக உள்ளவர். தவறு நடக்க இடமே இல்லை. அரியமுத்து பெரியப்பா, "நானும் கூடப் போய்ப் பிள்ளைய அழைச்சிக்கிட்டு வரேன்" என்று சொன்னபோது மட்டும் அவள் கொஞ்சம் யோசித்திருக்கலாம்.

வெள்ளிக்கிழமை ஏழு மணிக்குப் போன் போட்டாள்.

"தம்பி, எங்கடா வர்ற?"

"பெரம்பலூர் தாண்டிட்டோம்க்கா."

மணிமொழி வாசலில் கோலமாவுக் கிண்ணத்தோடு அப்படியே நின்றாள். திருச்சியில் இருந்து கீழப்பழுவூருக்கு லால்குடி வழியாக வர வேண்டும். பெரம்பலூர் இந்த வழியில் இல்லை. பெரம்பலூர் எந்த வழியிலும் இல்லை.

"பெரம்பலூருக்கு ஏண்டா போன?"

"பெரியப்பாதான்…" என்று விக்கி இழுத்தான். போன் கை மாறியது.

"மணி, நான்தாம்மா பேசறேன்." பெரியப்பாவின் குரலில் ஒரு பெரிய காரியத்தைக் காப்பாற்றிவிட்ட நிம்மதி இருந்தது. "தாய்மாமன் சீருங்கிறது பொறந்த வூட்டு வாசப்படியிலேருந்து கெளம்பணும். ஏர்போர்ட்டுலேருந்து கெளம்பினா அது சீரா? பிள்ள நம்ம வூட்டுல காலு வச்சு, தலைக்குத் தண்ணி ஊத்தி, வெளக்கக் கும்பிட்டு, அங்கேருந்து தட்டத் தூக்கிக்கிட்டு வரணும். நம்ம வழக்கம் அது."

"பெரியப்பா! திருச்சியிலேருந்து எங்க ஊரு ஒரு மணி நேரத்துல இருந்துச்சு. இப்ப எங்க ஊர வுட்டுட்டு அந்தக் கோடிக்குப் போயி, திரும்பி அரியலூர் சுத்தி வரணும். பத்தரைக்கு ராகுகாலம் பெரியப்பா!"

"என்னம்மா பெரிய தூரம். ஷார்ஜாவுலேருந்தே நாலு மணி நேரத்துல வந்துட்டான்."

இந்த நாலு மணி நேரம் இரண்டு மாவட்டத்துக்கும் பரவியிருந்தது அப்போதுதான் அவளுக்குத் தெரிந்தது. யார் பரப்பியது என்று கேட்கவே தேவையில்லை. பின்னால் இருந்து ஜமால் பாயின் குரல் கேட்டது. "தங்கச்சி, நான் படிச்சுப் படிச்சுச் சொல்லிட்டேன்மா. லால்குடி ரோட்டுல திருப்பினேன். திருப்பினா நான் குதிச்சிருவேன்னு கதவத் தொறக்கிறாரு. வயசான மனுஷன், நான் என்ன செய்ய? இன்ஷா அல்லாஹ் கொண்டாந்து சேத்துடறேன்."

எட்டரைக்கு இன்னொரு தடவை போட்டாள். ஊரில் இருந்து கிளம்பியாகிவிட்டது. சீர்த் தட்டுக்காரர்கள் பின்னால் வேனில் வருகிறார்கள். ஒன்பதே காலுக்குப் போட்டாள். அரியலூருக்கு முன்னால் சுண்ணாம்புக்கல் லாரிகள் வரிசையாக நிற்கின்றன, ஒரு லாரி குறுக்கே ஆக்ஸில் முறிந்து கிடக்கிறது. "எங்கடா வர்ற, எங்கடா வர்ற" என்று கேட்டுக் கேட்டு அவளுக்கே தன் குரல் சலித்துப்போயிற்று. வானத்தில் மூவாயிரம் கிலோமீட்டரை ஒரு தூக்கத்தில் கடந்தவன், அரியலூரில் ஒரு லாரிக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தான்.

ஏரிக்கரை அய்யனார் கோயிலில் பந்தல், சமையல், மேளம் எல்லாம் தயாராக இருந்தன. மெயின் ரோட்டு பஸ் நிறுத்தத்தில் இருந்து பிரிகிற மண் பாதையின் முடிவில்தான் கோயில். குழந்தைக்குப் பட்டுப்பாவாடை கட்டி மனைப்பலகைக்குப் பக்கத்தில் உட்கார வைத்திருந்தார்கள். அது இரண்டு தடவை தூங்கி விழித்து, பூவைப் பிய்த்துப் போட்டாயிற்று. காது குத்த வந்த செல்லக்கண்ணு ஆசாரி, "எனக்கு மதியம் தா.பழூருல இன்னொரு காது இருக்கும்மா" என்று நினைவூட்டினார். அமாவாசை புது வேட்டியை மடிப்புக் கலையாமல் மேலே தூக்கிப் பிடித்தபடி, மனைப்பலகையைச் சுற்றிச் சுற்றி வந்தார். பாவம், அவர் கெட்டவர் இல்லை. ஆனால் அன்றைக்கு அவர் வேட்டி மடிப்பைப் பார்க்கப் பார்க்க மணிமொழிக்கு ஆத்திரம் பொங்கியது.

"பத்து அடிக்கப் போவுது" என்றார் தங்கராசு. "நாலு மணி நேரத்துல வர்றவன்…"

"மாமா, இன்னொரு தடவ அந்த நாலு மணி நேரத்தச் சொன்னீங்கன்னா நான் எழுந்திரிச்சு வூட்டுக்குப் போயிடுவேன்."

கல்யாணமாகி வந்த நாளில் இருந்து அவள் அப்படிப் பேசியது இல்லை. அம்மாக்கண்ணு மகனைப் பார்த்தாள். மகன் சரி என்பதுபோல இரண்டு பேருக்கும் தலையாட்டினான்.

அப்போதுதான் பஸ் நிறுத்தத்தில் கார் வந்து நின்றது. பின்னாலேயே வேன்.

மணிமொழிக்கு உட்கார்ந்த இடத்தில் இருந்தே தெரிந்தது. முதலில் பெரியப்பாவின் துண்டு இறங்கியது, அப்புறம் பெரியப்பா. அந்தப் பக்கக் கதவைத் திறந்துகொண்டு நீலச் சட்டையில் விக்கி. இளைத்துப் போயிருந்தான். முன்நெற்றி ஏறியிருந்தது. போனில் பார்த்தபோது இதெல்லாம் தெரியவே இல்லையே. அவன் இவளைப் பார்த்துக் கை தூக்கினான். இவளும் தூக்கினாள். மூன்று வருஷம். இடையில் இப்போது ஒரு மண் பாதையும் மூன்று தென்னை மரமும்தான்.

அவன் பாதையில் இறங்கினான். பெரியப்பா அவன் தோளைப் பிடித்து நிறுத்தினார்.

கொஞ்ச நேரம் யாருக்கும் ஒன்றும் விளங்கவில்லை. வேனில் இருந்து பெண்கள் தட்டுகளோடு இறங்கி வரிசையாக நின்றார்கள். நின்றார்கள், நின்றுகொண்டே இருந்தார்கள். பிறகு ரஞ்சித்குமாரின் போன் அடித்தது. கேட்டுவிட்டு அவன் தயங்கித் தயங்கிச் சொன்னான்.

"அப்பா, மேளம் அனுப்பச் சொல்றாங்க. சம்பந்தி வூட்டு மேளம் வந்து எதிர்கொண்டு அழைச்சாத்தான் தாய்மாமன் உள்ள வருவானாம். அவங்க பக்கத்து வழக்கமாம்."

தங்கராசு துண்டை உதறித் தோளில் போட்டார். "நம்ம பக்கத்துல தாய்மாமன்தான் மேளம் புடிச்சுக்கிட்டு வரணும். மேளமில்லாம வந்து நின்னுக்கிட்டு நம்ம மேளத்தக் கேக்கறாங்களா? வரச் சொல்லு. வந்தா உக்கார வச்சு மரியாத பண்றேன். நான் அனுப்ப மாட்டேன்."

ரஞ்சித்குமார் அதைப் போனில் சொன்னான். அங்கே பெரியப்பா துண்டை உதறித் தோளில் போடுவது இங்கிருந்தே தெரிந்தது. அழைக்காத வாசலுக்கு எங்கள் பிள்ளை வர மாட்டான் என்று பதில் வந்தது. எங்கள் வாசலில் வந்து நின்று பேரம் பேசுகிறார்களா என்று பதில் போயிற்று. இரண்டு கிழவர்களும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கிற தூரத்தில் நின்றுகொண்டு, நடுவில் போனில் பேசிக்கொண்டார்கள். பெரம்பலூர்க்காரர்கள் அங்கே, அரியலூர்க்காரர்கள் இங்கே. மேளக்காரர்கள் தவிலை மடியில் வைத்துக்கொண்டு இரண்டு பக்கமும் மாறி மாறிப் பார்த்தார்கள். வெயிலில் தட்டுப் பிடித்த பெண்கள் கை மாற்றினார்கள். விக்கி என்னவோ சொல்ல வாயெடுத்தான்; பெரியப்பா அவனை அடக்கினார். அவன் திரும்பி அக்காவைப் பார்த்தான். சின்ன வயதில் பள்ளிக்கூடத்தில் வாத்தியார் வெளியே நிறுத்தினால் இப்படித்தான் பார்ப்பான்.

"மணி பத்தே கால்" என்றார் செல்லக்கண்ணு ஆசாரி.

அம்மாக்கண்ணு பெருமூச்சு விட்டாள். "ஏங்க, நேரம் போவுது. அமாவாசைய உக்காரச் சொல்லுங்க."

அமாவாசை வேட்டியை ஒருமுறை சரிசெய்துகொண்டு மனைப்பலகையில் உட்கார்ந்தார். குழந்தைக்குக் கை நீட்டினார்.

மணிமொழி எழுந்தாள்.

"நீ எங்க எழுந்திரிக்கற? குழந்தையோட அம்மா எழுந்திரிக்கக் கூடாது" என்றாள் மாமியார்.

"கூடாதுன்னா கூடாததாவே இருக்கட்டும் அத்தை" என்று குழந்தையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். செருப்புக்கூடப் போடாமல் மண் பாதையில் இறங்கினாள். பின்னால் தங்கராசு "ஏம்மா, ஏம்மா" என்றார். நடுப் பாதையில் நின்று திரும்பினாள். அவ்வளவு நாளும் அடக்கி வைத்திருந்தது மொத்தமாக வந்தது. இரண்டு பக்கமும் கேட்கிற மாதிரிதான் பேசினாள்.

"மூவாயிரம் கிலோமீட்டர் தாண்டி வந்தவன மூணு தென்னமரத்துக்கு அந்தாண்ட நிறுத்தி வச்சிருக்கீங்களே, உங்க ரெண்டு பேருக்கும் வெக்கமா இல்ல? நாலு மணி நேரம் நாலு மணி நேரம்னு மூணு வருஷமா என் உயிர எடுத்தீங்களே மாமா, அவன் ராத்திரியெல்லாம் பறந்து வந்து எறங்கி அஞ்சு மணி நேரம் ஆவுது. இன்னும் என் மக முகத்தப் பாக்கல. பெரியப்பா, வழக்கம் வழக்கம்னு அவன ஊரு ஊரா சுத்தினீங்களே, எங்கம்மா இருந்தா இப்படி ரோட்டுல நிறுத்தி வச்சிருப்பாளா? யாரும் யாரையும் அழைக்க வேணாம். யாரும் எங்கயும் வர வேணாம். என் மகளுக்கு என் தம்பி மடியிலதான் காது குத்தணும். அது எந்த எடமா இருந்தாலும் சரி."

சொல்லிவிட்டு விறுவிறுவென்று நடந்தாள். மேளக்காரர்களில் மூத்தவர் எழுந்து, "நாங்க வரலாமா தாயி?" என்று கேட்டார். "வந்தா வாங்க" என்றாள் திரும்பாமலே. தவில் தோளில் ஏறியது. வாசிக்கலாமா கூடாதா என்று தெரியாமல் பாதி தூரம் சும்மா வந்தார்கள். அப்புறம் பழக்கதோஷத்தில் வாசிக்கவே தொடங்கிவிட்டார்கள். பெரியப்பாவின் முகம் மலர்ந்தது. மேளம் வந்து அழைத்துவிட்டது அல்லவா. பந்தலில் தங்கராசுவும் தலையை நிமிர்த்திக்கொண்டார். நான் அனுப்பவில்லையே, அதுவாகத்தானே போனது. இருவருக்கும் அவரவர் மானம் பத்திரமாக இருந்தது. அதற்கு மேல் அவர்களுக்கு என்ன வேண்டும்.

பெட்டியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு செல்லக்கண்ணு ஆசாரியும் ஓட்டமும் நடையுமாக வந்து சேர்ந்தார். "எனக்கு எந்த எடமா இருந்தா என்னம்மா, காது இருந்தாப் போதும்." ரஞ்சித்குமார் சந்தனக் கிண்ணத்தோடு பின்னால் வந்தான். இந்த ஒரு தடவை அவன் யாரையும் கேட்காமல் வந்திருந்தான் என்பதை மணிமொழி கவனித்தாள்.

பஸ் நிறுத்தத்துச் சிமெண்டு பெஞ்சில் விக்கியை உட்கார வைத்தார்கள். அவன் குழந்தையைப் பார்த்தான். குழந்தை அவனைப் பார்த்தது. தலையில் இருந்து கால் வரை பார்த்தது, மறுபடி தலைக்குப் போனது.

"மாமாடி தன்ஷி. தினம் போன்ல பேசுவீல்ல?" என்றாள் மணிமொழி.

குழந்தை அம்மாவின் கழுத்தை விடாமல் கேட்டது. "மாமா ஏன் இவ்ளோ பெருசா இருக்கு?"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். விக்கி சிரிக்கவில்லை. உள்ளங்கை அகலத்துக்குத்தான் அந்தப் பிள்ளை இதுவரை அவனைப் பார்த்திருக்கிறது. அவன் கண் கலங்கி, சட்டைக்கையால் துடைத்துக்கொண்டு, "இப்பத்தான் வளந்தேன்டா செல்லம்" என்றான். குழந்தைக்கு அது நியாயமாகப் பட்டிருக்க வேண்டும். விரலை நீட்டி அவன் மூக்கைத் தொட்டுப் பார்த்தது. பிறகு தானாகவே அவன் மடிக்குத் தாவியது.

ராகுகாலத்துக்கு முன்னால் இரண்டு காதும் குத்தியாகிவிட்டது. வலது காதுக்கு அது வீறிட்ட சத்தத்தில் பஸ்ஸுக்கு நின்றவர்கள்கூட முகத்தைச் சுளித்தார்கள். இடது காதுக்கு மாமனின் சட்டையை இரண்டு கையாலும் கொத்தாகப் பிடித்துக்கொண்டது. குத்தி முடித்த பிறகும் பிடியை விடவில்லை. அம்மாக்கண்ணு கை நீட்டினாள், வரவில்லை. ரஞ்சித்குமார் கூப்பிட்டான், வரவில்லை. ஆண்டாயி பெரியம்மா வாழைப்பழத்தைக் காட்டினாள், அதற்கும் வரவில்லை. விக்கியின் நெஞ்சில் முகத்தைப் புதைத்துக்கொண்டு விசும்பி விசும்பி அப்படியே தூங்கிப்போனது.

கூட்டம் பந்திக்குக் கலைந்தது. தங்கராசுவும் அரியமுத்துவும் யார் யாரை முதலில் போகச் சொல்வது என்று உபசரித்தபடி பாதையில் நின்று நின்று போனார்கள். பெஞ்சில் விக்கியும், மடியில் குழந்தையும், பக்கத்தில் மணிமொழியும் மட்டும் இருந்தார்கள். அவனிடம் கேட்க எவ்வளவோ சேர்த்து வைத்திருந்தாள். எதில் இருந்து ஆரம்பிப்பது என்று தெரியவில்லை.

"அக்கா" என்றான் அவன் மெல்ல, குழந்தை எழுந்துவிடாத குரலில். "பசிக்குதுக்கா."

"ஏண்டா, காலையில என்ன சாப்பிட்ட?"

"ஒண்ணுமில்ல. நேத்து மதியம் நாங்க தங்கற கேம்புல சாப்பிட்டது. ஏர்போர்ட்டுல வெல அதிகம், வாங்கல. பெரியப்பா சீர் தூக்கறவன் வெறும் வயித்தோட இருக்கணும்னாரு. பரவால்லக்கா."

மணிமொழிக்குப் பெரியப்பாவைத் திட்ட வாய் வந்தது, பாதியில் நின்றுவிட்டது. விடிந்ததில் இருந்து அவளும்தான் எத்தனை தடவை போன் போட்டாள். எங்கடா வர்ற, எங்கடா வர்ற என்று கேட்டாளே தவிர, சாப்பிட்டியாடா என்று ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. ஊரே அவனைத் தாய்மாமனாகத்தான் எதிர்பார்த்து நின்றது; அவளும் அந்தக் கூட்டத்தில் ஒருத்தியாகத்தான் நின்றிருக்கிறாள். தன்மேலேயே அவளுக்குக் கோபமாக வந்தது.

எழுந்து ஓட்டமாகப் போனாள். சமையல்காரர் பந்தி வரிசை என்று ஏதோ சொன்னதைக் காதில் வாங்காமல், ஒரு இலையில் சோறும் சாம்பாரும் உருளைக்கிழங்கும் வடையும் அள்ளிப் போட்டுக்கொண்டு வந்தாள். விக்கி வாங்கக் கை நீட்டப் பார்த்தான். இரண்டு கையும் குழந்தையைத் தாங்கியிருந்தன. ஒன்றை எடுத்தால் அது விழித்துக்கொள்ளும்.

"வச்சிட்டுப் போக்கா. எழுந்த பிறகு சாப்பிடறேன்."

"வாயத் தொறடா" என்றாள் மணிமொழி.

சோற்றைப் பிசைந்து உருட்டி அவன் வாயில் வைத்தாள். அரியலூர் பஸ் ஒன்று வந்து நின்றது. ஜன்னலோரத்தில் இருந்தவர்கள், மீசை வைத்த ஆம்பளைக்கு ஒருத்தி ரோட்டோரத்தில் சோறு ஊட்டுவதை எட்டி எட்டிப் பார்த்தார்கள். அவள் பொருட்படுத்தவில்லை. நாளைக்கு மறுநாள் அவன் போய்விடுவான். அடுத்த உருண்டையை உருட்டினாள்.